இடது ஏழு, வலது ஐந்து

சேலையூர்,
9-11-2008.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் ஏசுபாதம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மாப்பிள்ளை ஞானையா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் ரத்தினபாயும் சுகம். பாளையங்கோட்டையில் தாங்களும் அக்காவும், டாக்டர் புதிதாக வைத்துக் கொடுத்த தங்கள் முழங்காலும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போன் செய்து, "தாத்தாவாகப் போறீரு, வாழ்த்துகள்" என்று சொன்னதும், தேக்குமரத் தொட்டில் வாங்கியாகிவிட்டது என்று சொன்னதும், நான் "ஹலோ, ஹலோ, கேக்கலை" என்று வைத்துவிட்டதும் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உண்மையில் நன்றாகக் கேட்டது. பக்கத்தில் ரத்தினம் நின்றுகொண்டிருந்தாள். "என் அண்ணன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? ஆரம்பிச்சது நீங்க, நீங்களே சொல்லுங்க" என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. ஆகையால் சொல்கிறேன். நம் செல்வி மஸ்கட்டில் மாப்பிள்ளையோடு சௌக்கியமாக இருக்கிறாள். அவள் உண்டாகியிருக்கவில்லை. இது முழுக்க முழுக்கச் செருப்பு சம்பந்தப்பட்ட விஷயம். தொட்டிலைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று உடனே விசாரித்துவிடுங்கள். நேரில் போய் வாங்கியதால் எடுத்துக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

ரத்தினத்தின் கால் தாங்கள் அறியாததல்ல. நாலு வயதில் வந்த காய்ச்சல் வலது காலைக் கொஞ்சம் சின்னதாக விட்டுவிட்டுப் போனது. இடது கால் ஏழு, வலது கால் ஐந்து. இந்த ஐம்பத்தாறு வருஷமாக இரண்டுக்கும் பெரிய அளவே வாங்கி, வலது செருப்புக்குள் துணியை மடித்து வைத்துத்தான் நடக்கிறாள். செருப்புக் கடைக்குள் அவள் காலெடுத்து வைத்து இருபது வருஷமாகிறது. கடைசியாகப் போன கடையில் ஒருத்தன் மேலே பரணைப் பார்த்து, "ஒரு அஞ்சு, ஒரு ஏழு எறக்குடா, அம்மாவுக்குக் காலு ஒரு மாதிரி!" என்று கத்தினானாம். கடை முழுக்கத் திரும்பி இவள் காலைப் பார்த்ததாம். அன்றோடு சரி. அதற்குப் பிறகு நான்தான் வாங்கி வருவேன். அதுவும் துணியைக் காட்டி அளவு பார்ப்பது போல் பழைய செருப்பைக் காட்டி.

இந்த மார்ச் மாதம் டெலிபோன் ஆபீஸில் இவளுடைய தோழி ஒருத்திக்கு ஓய்வு பெறும் விழா. ரத்தினத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இவள் போய் மைக் முன்னால் நின்று "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்த பிறகுதான் வலது செருப்பு இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. யாரோ ஒரு நல்ல மனுஷர் அதை எடுத்து, எல்லோரும் பார்க்க, மேடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "அக்டோபர் முப்பத்தொண்ணு என்னோட விழா. நான் மேடை ஏற மாட்டேன். மாலையைக் கீழயே போடச் சொல்லிடப் போறேன்" என்றாள். முப்பத்தைந்து வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து வைத்தவள், தன் பேச்சைக் கீழே நின்று பேச வேண்டுமா? அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். இவள் அந்த மேடையில் ஏறுவாள், சரியான செருப்போடு ஏறுவாள், அதை இவளுக்குத் தெரியாமல் நானே செய்து முடிப்பேன். மச்சான், இந்தத் "தெரியாமல்" என்ற ஒரு சொல்லில்தான் நாசம் முழுவதும் இருந்தது.

முதலில் அளவு வேண்டுமே. ஓய்வு பெற்றாலும் நான் டிராயிங் மாஸ்டர்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது, சார்ட் பேப்பரை அட்டையில் ஒட்டிப் பாதத்தின் கீழே நிறுத்தி, ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் வரைந்தேன். இடது கால் அற்புதமாக வந்தது. வலது காலில் சுண்டுவிரல் திரும்பும்போது கூச்சத்தில் உதைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "என்ன பண்றீங்க கால்மாட்டுல?" "கொசு." "கொசுவுக்கு எதுக்குப் பேனா?" சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போனவளிடம் பாடகர் தலைவர், "என்னம்மா, காலைச் சுத்தி ஊதாக் கலர்ல மருதாணி?" என்று கேட்டாராம்.

அளவை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் மார்க்கெட், பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடை விடவில்லை. எங்கே போனாலும் ஒரே பதில்: ஜோடியாகத்தான் கொடுப்போம். ஒருத்தர், "செருப்பு இன்னா வாழப்பழமா சார், சீப்புலேர்ந்து ஒண்ணு பிச்சுக் குடுக்க?" என்றார். சரி, இரண்டு ஜோடியாகவே வாங்கலாம் என்றால் நான் பார்த்த மெரூன் கலரில் ஐந்து இருந்தால் ஏழு இல்லை, ஏழு இருந்தால் ஐந்து இல்லை. கடைசியில் குரோம்பேட்டையில் சௌகத் அலி என்பவரின் கடை. அறுபது வயதிருக்கும், நாற்பது வருஷமாகச் செருப்பு விற்கிறவர். என் சார்ட் பேப்பரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"படம் சோக்கா கீது வாத்தியாரே. ஆனா நான் பேப்பருக்குச் செருப்பு விக்கிறதில்ல. பேப்பர் நடக்காது, கால்தான் நடக்கும். அம்மாவ இட்டுகினு வாங்க."

"அவங்க வர மாட்டாங்க பாய். வரவும் கூடாது. இது ரகசியம்."

"செருப்புல இன்னா ரகசியம்?"

அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? வெளியே வந்து நின்றேன். தலைக்கு மேலே அதே கட்டிடத்தின் மாடியில் "இன்டர்நெட் பிரவுசிங்" என்று பலகை. உடனே தங்கள் குமாரன் பிரேம் பெங்களூரிலிருந்து போன தடவை சொன்னது நினைவுக்கு வந்தது: "மாமா, இப்பல்லாம் யாரு கடைக்குப் போறா? கம்ப்யூட்டர்ல ஆர்டர் பண்ணா வீட்டுக்கே வரும். யாரும் உங்களைப் பார்க்கக்கூட மாட்டாங்க." யாரும் பார்க்க மாட்டார்கள்! மச்சான், எனக்கு அந்த ஒரு வாக்கியம் வேதவாக்கியம் போல் பட்டது. கடைக்காரன் கத்த மாட்டான், பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்ப மாட்டார்கள், காலைப் பற்றிக் கம்ப்யூட்டருக்கு என்ன அபிப்பிராயம் இருக்கப் போகிறது? அங்கேயே பிரேமுக்குப் போன் போட்டு அவன் கிரெடிட் கார்டு நம்பரை வாங்கிக்கொண்டு படியேறிவிட்டேன்.

மேலே அந்த சென்டரை நடத்துகிற பெண் ரூக்சார், நல்ல பொறுமைசாலி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கீழே இருக்கும் சௌகத் அலியின் மகள் அவள் என்பது தெரிந்தது. அப்பா கடைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் வாங்காத செருப்பை நான் அவளிடம் ஆர்டர் செய்துகொண்டிருந்தேன். எனக்கு வேர்த்துவிட்டது. அவளோ, "பரவால்ல அங்கிள், அத்தா கீழ அவர் வேலையப் பார்க்கிறார், நான் மேல என் வேலையப் பார்க்கிறேன்" என்றாள். இடையில் ஒரு பெட்டியில் கோணல்மாணலாக நாலு எழுத்து வந்தது. அதைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டுமாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நேராக எழுதக் கற்றுக்கொடுத்த எனக்கு இப்படி ஒரு தண்டனை. மூன்று தடவை தப்பாகிவிட்டது, நான் மனிதன்தானா என்று அது சந்தேகப்பட்டது. கடைசியில் அதே மெரூன் கலர் கிடைத்தது. ஒரு ஜோடி ஏழு, ஒரு ஜோடி ஐந்து. ரூக்சார், "அங்கிள், இந்த அஞ்சு வேற பக்கத்துல வருதே, ஒரு தடவை சரியா பாருங்க" என்றாள். "அஞ்சுன்னா அஞ்சுதாம்மா, கணக்குல ரெண்டு அஞ்சு கிடையாது" என்று நானே அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

இரண்டு வாரத்தில் கொரியர்க்காரர் போன் செய்தார். துலுக்காணம் என்று பெயர்.

"சார், கொரியரு. கேம்ப் ரோட்டாண்ட நின்னுகினு கீறேன். வூடு எங்க கீது?"

"ஏகநாதன் மாவு மில்லுக்கு எதிர்த்தெரு, தண்ணித்தொட்டி தாண்டி."

"மில்லையே காணோம் சார். தொட்டி மட்டும் மூணு கீது."

வீட்டில் ரத்தினம் இருந்தாள். பார்சல் வாசலுக்கு வரக்கூடாது என்று நானே புறப்பட்டு ஓடினேன். முக்கால் மணி நேரம் அவர் என்னைத் தேட, நான் அவரைத் தேட, இரண்டு பேரும் போனில் வழி சொல்லிக்கொண்டே சுற்றினோம். கடைசியில் ஒரு டீக்கடையில் நான், "டீக்கடையாண்ட நிக்கிறேன்" என்று போனில் சொன்னது எனக்கே பின்னாலிருந்து கேட்டது. இருவரும் முதுகோடு முதுகாக நின்றுகொண்டிருந்தோம். "கம்ப்யூட்டர்ல வாங்கறீங்க, அட்ரஸ மட்டும் கல்யாணப் பத்திரிகை மாறி எழுதிக்கீறீங்க. ஒரே பேஜாராப் போச்சு சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். டீக்கு நான்தான் கொடுத்தேன்.

வீட்டில் என் டிராயிங் தாள்களோடு பீரோ மேல் ஒளித்துவைத்து, ரத்தினம் ஆபீஸுக்குப் போன பிறகு பிரித்தேன். முதல் பெட்டியில் ஏழாம் நம்பர். படத்தில் மெரூன், வந்தது மாவடு ஊறின தண்ணீரின் நிறம். பரவாயில்லை, மேடையில் யாருக்குத் தெரியப் போகிறது என்று இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். மச்சான், உள்ளே என் இரண்டு விரல் நீளத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி. முன்னால் வாத்து மூஞ்சி. அமுக்கினால் "பீப்" என்று கத்துகிறது. நடை பழகும் குழந்தைகளுக்கான ஐந்தாம் நம்பராம் அது. கணக்கில் இரண்டு ஐந்து உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

திருப்பி அனுப்பலாம் என்று அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால் அரை மணி நேரம் புல்லாங்குழல். பிறகு ஒரு பெண் வந்து இங்கிலீஷில், திருப்பி அனுப்பும் காரணத்தை ஐந்தில் ஒன்றாகச் சொல்லுங்கள் என்றாள். கிழிந்திருக்கிறதா, நிறம் பிடிக்கவில்லையா, தாமதமாக வந்ததா, மனம் மாறிவிட்டதா, குழந்தைக்குச் சின்னதாகிவிட்டதா? "குழந்தையே இல்லையம்மா!" என்றேன். "ஓ, வெரி சாரி சார்" என்று அவள் துக்கம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வார சனிக்கிழமை நான் காய்கறி வாங்கப் போயிருந்த சமயம், தீபாவளி சமயத்தில் எல்லோரும் வீடு சுத்தம் செய்கிறார்களே என்று ரத்தினமும் பீரோ மேல் தூசி தட்டியிருக்கிறாள். "பீப்" என்றிருக்கிறது. எலியென்று துடைப்பத்தை எடுத்திருக்கிறாள். பிறகு வாத்தைப் பார்த்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. மத்தியானம் மீன் குழம்பு, சாயங்காலம் பருப்புவடை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் போதகர் ஐயர் எழுந்து, நம் சபையைச் சேர்ந்த ஒரு மகள் தாய்மையடைந்திருக்கிறாள், அவளுக்காக ஜெபிப்போம் என்றபோது யாரோ ஒரு புண்ணியவதி என்று நானும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் இவள் தங்களுக்கும் போன் செய்திருக்கிறாள். செல்வி தானாகவே சொல்லட்டும் என்று அவளிடம் மட்டும் கேட்கவில்லையாம்.

திங்கட்கிழமை காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

செருப்பு விஷயம் வெளியாகிவிட்டது, இவளும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஒரு மாசமா" என்றேன்.

"ஒரு மாசமா! என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் ரத்தினம்."

"சரி, எப்பவாம்?"

"என்ன கேள்வி இது? வர்ற முப்பத்தொண்ணாம் தேதிதானே."

காபி டம்ளர் கீழே விழுந்தது. "இந்த மாசமா? கல்யாணமே மே மாசந்தானேங்க நடந்தது!" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். விசிறி, தண்ணீர், சோடா. அவள் "செல்வி, செல்வி" என்று அழ, நான் "செருப்பு, செருப்பு" என்று கத்த, தெளிவாவதற்கு அரை மணி நேரமாயிற்று.

எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சார்ட் பேப்பரைக் கேட்டாள். மடியில் விரித்து, அந்தச் சின்னப் பாதத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"இதை எடுத்துக்கிட்டா கடை கடையா ஏறினீங்க? எனக்குத் தெரியாம?"

"நீ சங்கடப்படக் கூடாதுன்னு..."

"கடைக்காரன் கத்தினான், நான் ஒளிச்சேன். சரி. நீங்களும் சேர்ந்து ஏன் ஒளிச்சீங்க? இது ஒளிச்சு வைக்கிற காலா?"

அவள் எழுந்து முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "கிளம்புங்க. அந்த பாய் என்ன சொன்னார்? கால் வரணும்னுதானே? கால் வருது."

தீபாவளிக்கு ஏழு நாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் எள் போட்டால் விழாது. சௌகத் அலியின் கடையில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போய், எழுந்த ஒரு அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, டெலிபோனில் டிரங்க் கால் போடுகிற குரலில், "இடது ஏழு, வலது அஞ்சு. ஒரு ஜோடி வேணும்" என்றாள். கடையே திரும்பியது. நான் சார்ட் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். சௌகத் அலி கல்லாவை விட்டு இறங்கிவந்து தரையில் அவரே உட்கார்ந்தார். பாதத்தைக் கையில் ஏந்தி ஒரு தடவை பார்த்தார்.

"வலது அஞ்சு இல்லம்மா, அஞ்சரை. சாரோட படத்துல சுண்டுவெரலு பாதிதான் கீது."

உதைத்த உதையில் போன சுண்டுவிரல்! நான் மெரூன் கலரைக் காட்டினேன். "இந்தக் கலர் யாருக்கு, உங்களுக்கா?" என்று தள்ளிவிட்டு, கறுப்பில் பின்வார் வைத்த ஒன்றைக் காட்டினாள். சௌகத் அலி இரண்டு ஜோடியைப் பிரித்து, ஜோடிக்கு ஒன்றாக எடுத்து, உள்ளே ஒரு மெல்லிய தோலை ஒட்டி, வாரில் ஒரு துளை கூடப் போட்டு மாட்டிவிட்டார். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "எனக்கும் ஒரு காலு பெருசுங்க. கேட்டா திட்டுவாங்கன்னு கடிச்சாலும் போட்டுக்கினு நடக்கிறேன்" என்று தன் செருப்பைக் கழற்றினாள். ரத்தினம் கண்ணாடி வரைக்கும் பத்தடி நடந்தாள். திரும்பி நடந்தாள். இன்னொரு தடவை நடந்தாள். துணி இல்லை, இழுப்பு இல்லை. கீழே பார்க்கவும் இல்லை. வெளியே வந்ததும் நான் ஆட்டோவைக் கைகாட்டினேன். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கலாம்" என்றாள். நடந்தோம்.

முப்பத்தொன்றாம் தேதி மேடைக்கு ஐந்து படி. நான் எண்ணினேன், அவள் எண்ணவில்லை. மாலையை மேலேதான் போட்டார்கள். பேச்சு இருபது நிமிஷம் போனது, இறக்குவதுதான் கஷ்டமாகிவிட்டது. சபையில் மட்டும் ஐயர், முன்பு ஏறெடுத்த ஜெபத்தை ஆண்டவர் தம் சித்தப்படி வேறொரு சமயத்துக்கு வைத்துக்கொள்வாராக என்று முடித்துவைத்தார். செல்வி இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆகவே மச்சான், பிரேமிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டரில் யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். பார்க்காதவன் அரை நம்பர் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பான்? இனி இந்த வீட்டில் ஒரு ஊசி வாங்குவதானாலும் கடையில், கடைக்காரர் முகத்தைப் பார்த்து, கையால் தொட்டுத்தான் வாங்குவோம். இது முடிவு, இதில் மாற்றமே கிடையாது.

அக்காவுக்கு எங்கள் இருவரின் ஸ்தோத்திரம். தங்கள் முழங்கால் சீக்கிரம் படியேறவும், தங்கள் வீட்டார் எல்லோரும் குறைவின்றி இருக்கவும் ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
ஞானையா.

பின்குறிப்பு (15-11-2008): கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. அதற்குள் ஒரு சங்கதி. சௌகத் அலியிடம் பிரித்தது போக மீந்த இரண்டு செருப்பையும், அதாவது இடது ஐந்தரை, வலது ஏழு, ரத்தினம் பிடிவாதமாக வாங்கி வந்திருந்தாள். ரூக்சார் அதைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டு, யாருக்காவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். தஞ்சாவூரிலிருந்து அபிதகுஜாம்பாள் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் பதில் போட்டார். நேற்றுப் போனிலும் வந்தார். பெயர், ஊர், ஒன்றும் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில், "உங்களுக்கு எந்தக் கால்?" என்றாராம். ரத்தினம், "வலது" என்றாள். அவருக்கு இடது. பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு மணி நேரம் போனை என்னால் வாங்க முடியவில்லை. இனிமேல் எதை எடுத்தாலும் இரண்டு ஜோடியாகக் கம்ப்யூட்டரில் ஆர்டர் செய்து ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்வதாக ஒப்பந்தமாகிவிட்டது. ஷூ, பின்வார்ச் செருப்பு, வீட்டுச் செருப்பு என்று இன்றைக்குக் காலையில் மட்டும் ஆறு ஜோடி ஆர்டர் ஆகியிருக்கிறது. பிரேமை அந்தக் கார்டைக் கொஞ்ச நாள் தயாராக வைத்திருக்கச் சொல்லவும். துலுக்காணம் எந்நேரமும் வரலாம் என்பதால் நான் வீட்டை விட்டு எந்தக் கடைக்கும் போகக் கூடாது என்று உத்தரவு.